சொறி பட்ட இடத்தில் கை வைக்காதீர்கள்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வேளாங்கண்ணிக்கு வந்த குடும்பம். எட்டு வயதுப் பையனை அப்பா தோளில் போட்டுக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஓடி வந்தார். அன்று காலைதான் மொட்டை போட்டிருக்கிறார்கள். தலையில் சந்தனம் பாதி கரைந்து காதோரம் வழிந்திருந்தது. பையன் அழுது அழுது தொண்டை கட்டிப்போய், சத்தமே வராமல் விம்மிக்கொண்டிருந்தான்.

கடலில் இறங்கியபோது சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்டிருக்கிறது. வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒரே தடிப்பு. ஆடுசதை முழுக்கச் சிவந்து வீங்கி, திட்டுத் திட்டாக மணல் ஒட்டியிருந்தது. எலுமிச்சை வாசம் வேறு அடித்தது.

“என்னம்மா போட்டீங்க?”

“மண்ண அள்ளிப் போட்டு நல்லா தேச்சோம் டாக்டரம்மா. அப்புறம் குழாயில நல்லதண்ணி ஊத்திக் கழுவினோம். பக்கத்துல நின்னவரு எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாரு, அதையும் தேச்சோம்.”

காலைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்கால் மடிப்புக்குள் இரண்டு அங்குல நீளத்துக்கு ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி நூல் மாதிரி, வெளிச்சம் பட்டால்தான் தெரியும். அந்த மடிப்புக்குள் யாருடைய கையும் போகவில்லை, மணலும் போகவில்லை. இழையை இடுக்கியால் எடுத்த பிறகு பார்த்தால் அங்கே ஒரே ஒரு மெல்லிய சிவப்புக் கோடுதான் இருந்தது. கை போட்டுத் தேய்த்த ஆடுசதையோ அடி வாங்கியது போல இருந்தது. பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டு இடத்தையும் காட்டினேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தானே செய்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை யாரும் அவர்களுக்கு முன்பே சொல்லவில்லையே என்பதுதான் வருத்தம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தண்ணீருக்குப் புதியவர்கள் இல்லை. வாய்க்காலிலும் குளத்திலும் நீந்திப் பழகியவர்கள். ஆனால் வாய்க்கால் வேறு, கடல் வேறு. வயலில் கம்பளிப்பூச்சி பட்டால் திருநீறோ சாம்பலோ எடுத்து அழுத்தித் தேய்ப்போம். அந்தப் பழக்கம் கையோடு கடற்கரைக்கும் வந்துவிடுகிறது. காலில் எரிச்சல் என்றதும் கை தானாக மணலை அள்ளுகிறது.

எங்கள் வார்டில் உதவியாளராக இருக்கும் அக்கா மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கரைவலை இழுத்த வீடு. அவர் ஒருநாள் சொன்னது: “சொறி வலையில மாட்டுச்சுன்னா இழுக்கிற கையெல்லாம் எரியும் டாக்டரம்மா. எங்க அப்பா கடல்தண்ணியிலேயே கைய அலசிட்டு வேலையப் பாப்பாரு. நல்லதண்ணிய மட்டும் ஊத்தவே மாட்டாரு.” மருத்துவப் புத்தகம் சொல்லும் முதலுதவியின் முதல் வரி அதுதான். படிக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாம் ஜெல்லி மீன் என்கிறோம், இழுதுமீன் என்றும் ஒரு பெயர் உண்டு. கடலோரத்தில் சொறி, சொறிமுட்டை. பெயரே அது செய்கிற வேலையைச் சொல்கிறது. மீன் என்று கூப்பிட்டாலும் அது மீன் இனம் கிடையாது. எலும்பு, மூளை, இதயம் எதுவும் இல்லாத உயிர். உடம்பில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். ஐம்பது கோடி ஆண்டுகளாகக் கடலில் இருக்கிறது. குடை மாதிரி விரிந்து சுருங்கி நகரும், ஆனால் வலுவான நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிற வலு பெரும்பாலான வகைகளுக்குக் கிடையாது. நீரோட்டமும் காற்றும் தள்ளுகிற பக்கம் போகும். கொண்டல் காற்று கரையை நோக்கி அடிக்கிற நாட்களிலும், கடல் கலங்கிய பிறகும், கூட்டமாக ஒதுங்குவதற்கு அதுதான் காரணம். நம்மைத் தேடி வந்து தாக்குகிற எண்ணமெல்லாம் அதற்கு இல்லை. சில சமயம் எண்ணிக்கை எவ்வளவு பெருகும் என்றால், கல்பாக்கம் அணுமின் நிலையம் குளிர்விப்பதற்காக எடுக்கும் கடல்நீரோடு கூட்டமாக உள்ளே புகுந்து சல்லடைகளை அடைத்துத் தொல்லை கொடுத்திருக்கிறது.

இனி, தேய்த்தால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சொறியின் இழைகளில் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு பைக்குள்ளும் ஊசிமுனை கொண்ட ஒரு நூல், ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்கிறது, கூடவே நஞ்சும். எதன் மேலாவது பட்டதும் பை வெடித்து, அந்த நூல் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகத் தோலுக்குள் பாய்ந்துவிடும். இதற்குச் சொறியின் உத்தரவு தேவையில்லை. ஒவ்வொரு பையும் தனக்குத்தானே ஒரு எலிப்பொறி. அதனால் சொறி செத்தாலும் பொறி சாவதில்லை. இழை அறுந்து தனியாக மிதந்தாலும் அப்படியே.

இழை காலில் பட்ட அந்த நொடியில் வெடிப்பது சில பைகள் மட்டும்தான். மீதிப் பைகள் தோலின் மேல் வெடிக்காமலே ஒட்டிக்கொண்டிருக்கும். மணல் போட்டுத் தேய்த்தால் அந்த அழுத்தத்தில் அவை வெடிக்கும். நல்லதண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான். கடலின் உப்பில் இருந்த பைக்கு உப்பில்லாத தண்ணீர் பட்டதும் உள்ளே நீர் புகுந்து உப்பி வெடித்துவிடும். சாராயம், ஸ்பிரிட், சிறுநீர் இவையும் இதே கேட்டைத்தான் செய்கின்றன. சினிமாவில் பார்த்தோம் என்று சிறுநீரைப் பிடித்து ஊற்றியவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சரி, பட்டுவிட்டது. என்ன செய்வது?

முதலில் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். பிள்ளை என்றால் தூக்கி வந்து மணலில் உட்கார வைத்து, அவன் கை காலில் போகாதபடி பிடித்துக்கொள்ளுங்கள். குடிதண்ணீர் பாட்டிலைக் காலி செய்து கடல்நீர் மொண்டு வந்து, மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். இழை தெரிந்தால் இடுக்கியால், அது இல்லாவிட்டால் இரண்டு குச்சியால் தூக்கி எடுங்கள். விரலால் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் கையில் கேரி பேக்கை உறை மாதிரி மாட்டிக்கொள்ளுங்கள். ஏடிஎம் கார்டால் சுரண்டி எடுக்கும் வீடியோக்களை நானும் பார்க்கிறேன். அதுவும் அழுத்தம்தான், செய்யாதீர்கள்.

இழை எல்லாம் போய்விட்டது என்று உறுதியான பிறகு சுடுதண்ணீர். வலியைக் குறைக்க இதைவிடக் கைக்கெட்டும் மருந்து வேறில்லை. 45 டிகிரிக்கு மேல் போகாத சூட்டில் 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடம் வரை முக்கி வைக்க வேண்டும், அல்லது ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கடற்கரையில் சுடுதண்ணீருக்கு எங்கே போவது என்பார்கள். நம் ஊரில் டீக்கடை இல்லாத கடற்கரை ஏது? பாய்லரில் கொதிக்கிற தண்ணீர் ஒரு மக் என்றால் சாதாரணத் தண்ணீர் நான்கு மக். அந்தக் கலவை ஏறக்குறைய சரியான சூட்டில் இருக்கும். முதலில் பெரியவர்கள் தங்கள் முழங்கையை அதில் விட்டுப் பார்க்க வேண்டும். வலியில் துடிக்கிற பிள்ளைக்குச் சூடு தெரியாது. கொதிநீரை அப்படியே ஊற்றி, சொறி பட்ட இடத்தில் தீக்காயத்தோடு வந்த ஒரு கல்லூரி மாணவனுக்கு மூன்று வாரம் கட்டுப் போட்டேன். சூட்டை முழங்கையில் பாருங்கள் என்பதை அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். சுடுதண்ணீர் கிடைக்கவே இல்லையா, ஐஸ் கட்டியைக் கவரில் போட்டு நன்றாகக் கட்டி, உருகும் தண்ணீர் தோலில் படாமல் மேலே வையுங்கள்.

வினிகரைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வடக்கு ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் வினிகர் பாட்டிலே வைத்திருப்பார்கள், உண்மைதான். அங்கே நிமிடங்களில் உயிரைப் பறிக்கக்கூடிய பெட்டிச் சொறிகள் உண்டு, அவற்றின் வெடிக்காத பைகளை வினிகர் அடக்கிவிடும். ஆனால் வேறு சில இனங்களில் அதே வினிகர் பைகளை வெடிக்கத் தூண்டும். நீண்ட இழைகளோடு வரும் பழுப்புநிறச் சொறிகள் அந்த வகையில் சேரும், வங்கக் கடலில் அவை உண்டு. காலில் பட்டது எந்த இனம் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. அதனால் நம் கடற்கரைக்கு நான் கடல்நீரைத்தான் சொல்வேன். எலுமிச்சைச் சாறும் தேவையில்லை.

பெரும்பாலானவர்களுக்கு இதோடு முடிந்துவிடும். எரிச்சல் சில மணி நேரம், தடிப்பு சில நாள். ஆனால் மூச்சு வாங்குதல், உதடோ கண் இமையோ வீங்குதல், குரல் மாறுதல், நெஞ்சுவலி, நிற்காத வாந்தி, தலைசுற்றி மயக்கம், உடம்பு முழுக்கத் தடிப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் சுடுதண்ணீருக்குக் காத்திருக்காமல் உடனே 108 கூப்பிடுங்கள். அது ஒவ்வாமையாக இருந்தால் அட்ரினலின் ஊசிதான் உயிரைக் காக்கும், அதை நேரத்தோடு போட்டாக வேண்டும். கண்ணில் பட்டிருந்தாலும், முகத்திலோ மறைவிடத்திலோ பட்டிருந்தாலும், சின்னக் குழந்தை என்றாலும், ஒரு காலையோ கையையோ சுற்றி முழுக்கப் பட்டிருந்தாலும் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

கோடு கோடாக இல்லாமல் ஒரே இடத்தில் ஓட்டை மாதிரி குத்தி ரத்தம் வந்தால் அது சொறி இல்லை. திருக்கை முள்ளாகவோ கெளுத்தி முள்ளாகவோ இருக்கும். அதற்கும் சுடுதண்ணீர் வலியைக் குறைக்கும், ஆனால் முள் உள்ளே முறிந்திருக்கலாம். டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

கரையில் கிடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்க்க உரித்த நுங்கு மாதிரி பளபளவென்று கிடக்கும். பிள்ளைகளுக்கு ஆசை வராமல் இருக்குமா? குச்சியால் குத்துவார்கள், காலால் உதைப்பார்கள், கையில் ஏந்திப் போட்டோ எடுப்பார்கள். மேல்பக்கக் குடையைத் தொட்டு ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால் அடுத்தவர் இழையைத் தொடுகிறார். நீலநிறத்தில் ஊதிய பலூன் மாதிரி ஒன்று கிடந்தால் இன்னும் தள்ளி நில்லுங்கள். போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் என்று அதற்குப் பெயர். அது ஜெல்லி மீனே இல்லை, பல சிறு உயிரிகள் சேர்ந்து ஒரே உடம்பாக வாழும் ஒரு கூட்டம். பலூன் ஒரு சாண் இருக்கும், இழையோ பத்து மீட்டர், சிலவற்றில் முப்பது மீட்டர் வரைகூடப் போகும். பலூனிலிருந்து தள்ளித்தானே நிற்கிறோம் என்று நினைப்பவரின் காலடியில் இழை கிடக்கும்.

கரையில் நான்கைந்து சொறி ஒதுங்கிக் கிடந்தால் அலைக்குள் அதைவிட அதிகம் இருக்கும். அலையில் அடிபட்டு அறுந்த துண்டுகள் தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது. அன்றைக்குக் குளியல் வேண்டாம், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் படகோரம் வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஓர் அண்ணனிடம் “இன்னைக்குச் சொறி இருக்கா?” என்று கேளுங்கள். மறைக்காமல் சொல்வார்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது கூட்ட நாட்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குப் பூம்புகாரிலும் வேதாரண்யத்திலும் கோடியக்கரையிலும் விடியற்காலை இருட்டில் ஆயிரக்கணக்கில் இறங்குகிறார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் கடற்கரை கொள்ளாத கூட்டம். முடி இறக்கிய கையோடு கடலில் முழுக்குப் போடுவது வேண்டுதல். அதை யாரும் விடச் சொல்லவில்லை. கரையிலேயே ஒரு குடத்தில் கடல்நீர் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாமே. ஆழம், அலை என்று எச்சரிக்கும் பலகைகளுக்குப் பக்கத்தில் “சொறி பட்டால் தேய்க்காதீர், கடல்நீர் ஊற்றுக” என்று இன்னொரு பலகை வைத்தால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? ஊராட்சியில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள்.

இன்னொன்று. கோடியக்கரைப் பக்கம் முட்டையிட வரும் பங்குனி ஆமைகளுக்குச் சொறியும் ஓர் உணவு. தண்ணீரில் மிதக்கும் கேரி பேக்கும் ஆமைக்குச் சொறி மாதிரித்தான் தெரியும். கொண்டுவந்த கவரைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

மன்னார்குடிப் பையன் சாயங்காலம் சிரித்துக்கொண்டு கிளம்பினான். வலி மாத்திரையும் அரிப்புக்கு மருந்தும் கொடுத்தேன். பத்துப் பதினைந்து நாள் கழித்துக்கூட அதே இடத்தில் திரும்ப அரித்துத் தடிக்கலாம், பயப்படாமல் வந்து காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் காலை அவன் அப்பா போன் செய்தார். பையனின் ஈர டவுசரைக் கவரில் சுற்றி எடுத்துப்போய், வீட்டில் பக்கெட்டில் நல்லதண்ணீரில் ஊறப் போட்டுக் கசக்கியிருக்கிறார் பாட்டி. இரண்டு உள்ளங்கையும் எரிகிறதாம். துணியில் ஒட்டிய இழை காய்ந்த பிறகும், ஈரம் பட்டால் வேலை செய்யும். சொறி பட்டவர் உடுத்தியிருந்த துணியையும் துவட்டிய துண்டையும் கரையிலேயே கடல்நீரில் நன்றாக உதறி அலசி, இழை இல்லை என்று பார்த்த பிறகு வேனில் ஏற்றுங்கள். வீட்டில் துவைப்பவரிடம் கையுறையோ கையில் ஒரு கவரோ மாட்டிக்கொண்டு துவைக்கச் சொல்லுங்கள்.