பக்கவாதத்துக்குப் பிறகு பயம் போக, பக்கத்தில் இன்னொருவர்

பக்கவாதம் வந்து மூன்று நான்கு மாதம் ஆனவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. காலில் பலம் ஓரளவு திரும்பியிருக்கும், பாத்ரூம் வரை தனியாகப் போக முடியும், ஆனால் போக மாட்டார். விழுந்துவிடுவோம் என்ற பயம். வீட்டாரும் பாசத்தில் சோறு ஊட்டி, சட்டை மாட்டி எல்லாவற்றையும் தாங்களே செய்துவிட, பலவீனமான கைக்கு வேலையே இல்லாமல் போய், இருக்கிற கொஞ்ச அசைவையும் அது பயன்படுத்தாமல் விட்டுவிடும்.

"உங்களால முடியும் ஐயா" என்று பிசியோதெரபிஸ்ட் நான் சொன்னால் எடுபடாது. எனக்குத்தான் இரண்டு கையும் நன்றாக இருக்கிறதே! அதனால்தான் ஆறேழு பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறேன். சட்டை போடும்போது வாதம் வந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். நான் சொன்னபோது தலையாட்டியதோடு சரி என்று இருந்த ஒருவர், எதிரே ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மடியில் சட்டையை விரித்து, வராத கையை நல்ல கையால் தூக்கி உள்ளே விட்டு, தோள் வரை இழுத்து, வியர்க்க வியர்க்கப் போட்டு முடித்ததைப் பார்த்ததும், "இங்க குடுங்கண்ணே, நானும் பார்க்குறேன்" என்றார். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதும் தன்னம்பிக்கையை வளர்க்கும் என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே எழுதியிருக்கிறார்.

வலது பக்கம் வாதம் வந்தவர்களில் பலருக்குப் பேச்சும் தடைபடும். வார்த்தை வராமல் தவிக்கும்போது வீட்டில் யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். குழுவில் காத்திருப்பார்கள், அவர்களுக்கும் அந்தத் தவிப்பு தெரியும்.

ஆனால் சும்மா கூட்டம் சேர்த்தால் போதாது. வேகமாகத் தேறுகிற ஒருவரைப் பார்த்து இன்னொருவர் உடைந்து போவதும் உண்டு, அதனால் பல நிலைகளில் இருப்பவர்களைக் கலந்துதான் உட்கார வைப்பேன். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்குத் தனியாக மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், குழு அதற்கு மாற்று இல்லை. அப்புறம் இந்தப் புறா ரத்தம் தடவுகிற யோசனையும் பிரஷர் மாத்திரையை நிறுத்துகிற யோசனையும் குழுவுக்குள்ளும் வரும், அங்கேயே வெட்டிவிட வேண்டும்.

பெரிய மருத்துவமனை இருந்தால்தான் முடியும் என்றில்லை. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோவிடம் கேளுங்கள். உங்கள் தெருவிலேயே இன்னொருவர் இருந்து, அவர் வீட்டாரும் சம்மதித்தால், மாலையில் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம்.