கலத்தின் முகப்பில் இறங்கும் சாய்தளமான ராம்ப் மணலைத் தொட்டால் கரை வந்துவிட்டது என்று யார் சொன்னது?

டாங்கிகளையும் வண்டிகளையும் கடலிலிருந்து நேரே கரையில் இறக்கும் புதிய தரையிறங்கு கலம் வந்தால் கூடவே ஒரு அசட்டுத் துணிச்சலும் வந்துவிடுகிறது. தட்டையான அடிப்பகுதி, பெரிய எஞ்சின், ராம்பை இறக்கினால் டாங்கி தானாகக் கரையேறிவிடுமாம். முதல் வண்டியே எஞ்சினில் உப்புநீர் புகுந்து வழியில் நிற்கிறது. இன்னும் எத்தனை வண்டி?

கலம் தட்டி நிற்பது பல கடற்கரைகளில் கரையே அல்ல, அலை குவித்த மணல்திட்டு. திட்டின்மேல் முழங்காலளவு நீர். தாண்டினால் கரைக்கு இணையாக ஒரு பள்ளம், அதில் ஆள் முழுகும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நீர். அலை வெளியே உடைந்து, அடங்கி, கரையோரம் மறுபடி உடைகிறதா? நடுவில் பள்ளம் இருக்கிறது. 1943 நவம்பரில், இரண்டாம் உலகப்போரில், பசிபிக் தீவான தராவாவில் பவளத்திட்டின்மேல் போதிய நீரில்லாமல் அமெரிக்கப் படகுகள் தட்டி நின்றன. வீரர்கள் குண்டுமழையில் நூற்றுக்கணக்கான மீட்டர் நீரில் நடந்தார்கள்.

கணக்கும் எளிதுதான். முகப்பு 1.2 மீட்டர் மூழ்கும் கலம், 60 மீட்டருக்கு 1 மீட்டர் சரியும் கரையில், நீர்விளிம்புக்கு 72 மீட்டர் முன்பே தட்டும். கூடுதல் கருவி பொருத்தாத அமெரிக்க ஏப்ரம்ஸ் டாங்கி இறங்கக்கூடிய ஆழமும் ஏறக்குறைய அதே 1.2 மீட்டர்தான், அதுவும் அலையில்லாத நீரில். அரை மீட்டர் அலையைக் கழித்தால் மிச்சம் 70 சென்டிமீட்டர். ராம்ப் நுனியிலேயே கணக்கு இடிக்கிறதே!

ஆகவே ஆழக்கோலோடு, இடுப்பில் கயிறு கட்டிய ஓர் ஆளை முதலில் இறக்குங்கள். அவர் நடந்து கரையேறும் வரை எந்த வண்டியும் நகரக்கூடாது. "நேரமில்லை" என்பவர்தான் பிறகு மீட்பு வண்டிக்காக அரைநாள் காத்திருக்கிறார்.

கலத்தின் பின்புற நங்கூரத்தைக் கரைக்குப் பல கலநீளம் முன்பே போடுங்கள். நங்கூரக் கம்பி தொய்ந்தால் புரொப்பல்லரில் சுற்றும். கனமான வண்டி இறங்கியதும் முகப்பு எழும்பும், அலை கலத்தைக் குறுக்கே திருப்பும். அதனால் கடைசி வண்டி இறங்கும்வரை எஞ்சின் முன்னோக்கித் தள்ளியபடியே இருக்கட்டும்.

நீர் வற்றும் நேரத்தில் கரை தட்டாதீர்கள். 3 மீட்டர் ஓதம் (கடல்நீர் ஏறி இறங்கும் அளவு) ஆறு மணி நேரத்தில் வற்றினால், மூன்றாவது மணியில் மட்டும் முக்கால் மீட்டர் இறங்கும். கலம் அடுத்த ஏற்றம்வரை அங்கேதான்.

டிரைவர்களே, தயவுசெய்து நீரில் இறங்கும் முன் சீட்பெல்ட்டைக் கழற்றுங்கள், மேல்மூடி (ஹட்ச்) திறந்திருக்கட்டும். கரையேறியதும் பிரேக்கைப் பலமுறை மிதித்து உலர்த்துங்கள். நனைந்த பிரேக் பிடிக்காது. நன்னீர்க் கழுவலும் சக்கர மையங்களுக்குக் கிரீஸும் அன்றைக்கே.