பாரம் தூக்காத கைக்கு ஏன் வலி வருகிறது?

இந்த மாதத்தில் இதே வலியோடு வந்த நான்காவது ஆள் அவர். வயது 46, கணக்குப் பிரிவில் பணி. வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ் சுற்றியிருந்தது, அதையும் மீறித் தைல நெடி வீசியது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “கம்ப்யூட்டரில் லேசான வேலைதான் சார்” என்றார். “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் கட்டை அடுக்குகிறாரே, அதையும் கேளுங்கள்” என்று உடன் வந்த மனைவி எடுத்துக்கொடுத்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பள்ளி நாள்களில் பிரிக் கேம் கருவியில் ஆடிய அதே டெட்ரிஸ் வகை ஆட்டத்தை, அதாவது மேலிருந்து விழும் துண்டுகளை இடைவெளி இல்லாமல் அடுக்கி, நிரம்பிய வரிகளை அழிக்கும் ஆட்டத்தை, இப்போது வீட்டுக் கணினியில் தினமும் இரண்டு மணி நேரம் ஆடுகிறார்.

நான்கு பேரும் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: “மூட்டையா தூக்கினேன்? பட்டனைத்தானே தட்டினேன்?” ஒரு விசையை அழுத்த ஏறத்தாழ 50 கிராம் எடைக்குரிய அழுத்தமே போதும் என்பது உண்மை. ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. துண்டுகள் விழும் பலகையின் அகலம் 10 கட்டங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் 4 கட்டங்கள். 40 வரிகளை அழிப்பதை ஓர் ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆகவே 40 வரிகளை அழிக்கக் குறைந்தது 100 துண்டுகள் விழ வேண்டும். ஒரு துண்டை நகர்த்தவும் திருப்பவும் இறக்கவும் சராசரியாக நான்கு தட்டு என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆட்டத்துக்கு 400 தட்டு ஆகிறது. நான்கு நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் என்றால் இரண்டு மணி நேரத்தில் 12,000 ஆகிவிடுகிறது. இதில் பெரும்பங்கு ஒரே கையின் மூன்று விரல்கள் செய்த வேலை. மூட்டை தூக்குகிறவர் அதை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். இந்த விரல்களுக்கு இறக்கி வைக்கும் நேரமே கிடைப்பதில்லை.

அவர் ஆடுவதைக் கைப்பேசியில் படம்பிடித்து வரச் சொல்லிப் பார்த்தேன். அம்புக்குறி விசைகள் கீபோர்டின் வலது ஓரத்தில் இருப்பதால் முழங்கை உடலை விட்டு விலகி நின்றது. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக ஒடிந்தாற்போல வளைந்து, மேசையின் கூரான விளிம்பில் அழுந்திக் கிடந்தது. துண்டுகள் வேகமெடுத்ததும் அவர் தட்டவில்லை, குத்தினார். அடுத்த துண்டுக்காகக் காத்திருந்த நேரத்திலும் நடுவிரல் விசையில் படியாமல் அந்தரத்திலேயே நின்றது. அப்படி விரலைத் தூக்கிப் பிடித்திருப்பதும் முன்கைத் தசைக்கு வேலைதான் என்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஐந்து மணி நேரம் இடைவிடாமல் வீடியோ கேம் ஆடிய 35 வயதுப் பெண்ணின் கட்டைவிரல் வலியை, ‘நிண்டெண்டினைட்டிஸ்’ (நிண்டெண்டோ என்ற கேம் நிறுவனத்தின் பெயரோடு, தசைநாண் அழற்சியைக் குறிக்கும் ‘டெண்டினைட்டிஸ்’ சேர்ந்த சொல்) என்று பெயர் சூட்டி 1990இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார்.

இனி, என் பொறுமையை அதிகம் சோதிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு, இரத்தம் ஓடும் நாளம் ஆகிய மூன்றையும் நம் ஊரில் ‘நரம்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் தசைநாண் உறை வீங்கி வலித்தாலும், “நரம்பு பிசகிவிட்டது” என்று சொல்லிச் சுளுக்கெடுப்பவரிடம் போய் அழுத்தி நீவிக்கொள்கிறார்கள். வீங்கிய உறையை நீவினால் வீக்கம் கூடத்தான் செய்யும். நான்கு பேரில் மூவர் நீவிவிட்டுத்தான் என்னிடம் வந்தார்கள். பட்டை கட்டிக்கொண்டு அதே கையால் ஆட்டத்தைத் தொடர்வதும் சிகிச்சை ஆகாது.

ஆடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்திருங்கள். ‘இன்னும் ஒரே ஆட்டம்’ என்ற பேச்சு வேண்டாம். அமைப்புகளுக்குள் போய், துண்டைத் திருப்பும் வேலையை இடது கை விசைகளுக்கு மாற்றுங்கள். ஓரம்வரை நகர்த்த ஐந்து முறை தட்டாமல், விசையை அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான ஆட்டங்களில் துண்டு தானாகவே நகர்ந்து போகும். மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து ஆடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வலி தொடங்கினால் இரண்டு வாரம் கைக்கு முழு ஓய்வு கொடுங்கள். வலியோடு ஆடிப் பார்க்காதீர்கள்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய், இரவில் எழுந்து கையை உதறினால்தான் தூக்கம் வருகிறது என்ற நிலையிலும், பிடித்திருக்கும் டம்ளர் கைநழுவி விழுகிற நிலையிலும் வீட்டு வைத்தியம் உதவாது. அது மணிக்கட்டில் உண்மையான நரம்பே நெருக்கப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். சர்க்கரை நோயோ தைராய்டு குறைபாடோ உள்ளவர்கள் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அவருக்கு, இரண்டு வார ஓய்வுக்குப் பிறகு, இரவில் மூன்று ஆட்டங்கள் மட்டும் என்று அனுமதித்திருக்கிறேன். எண்ணிக்கையைக் கவனிக்கும் பொறுப்பை அவர் மனைவியிடம் ஒப்படைத்திருக்கிறேன்.