போன் பில், மேக்கப், கார்: வரியில் எதைக் கழிக்கலாம்?

மலேசியாவில் கிளப் மேடையில் ஆடுகிறவர்கள், விருந்துகளில் பாடுகிறவர்கள், கல்யாண மேக்கப் போடுகிறவர்கள் பலர் வரிக் கணக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கூடச் செலவு காட்டுவதில்லை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி மூன்று வருடமாக, தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர்கள் போடும் பிஇ பாரம் போட்டிருந்தார். கணக்குப் பார்த்தவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தாராம். வந்ததெல்லாம் வருமானம், செலவு பூஜ்யம்.

முதலில் இதைப் பாருங்கள். கிளப்பே உங்களுக்கு இபிஎஃப் (சேமநிதி) கட்டி, இஏ பாரம் என்ற வருடச் சம்பளக் கணக்குத் தாளைத் தருகிறதா? அப்படியென்றால் நீங்கள் சம்பளக்காரர், கீழே சொல்வது பெரும்பாலும் உங்களுக்கு இல்லை. ஷோவுக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர், தொழில் வருமானத்துக்கான பி பாரம்தான் போட வேண்டும். எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) தொழில் பதிவு இல்லையே என்று பயந்து பிஇ பக்கம் ஓடாதீர்கள், பதிவு இல்லை என்பதால் தொழில் வருமானம் சம்பளமாகிவிடாது. தொழிலை எழுதக் கூச்சப்பட்டு வருமானத்தையே மறைக்கிறவர்களும் உண்டு. வரி அலுவலகம் கேட்பது கணக்கு, உங்கள் மானம் அல்ல.

1967 வருமான வரிச் சட்டத்தின் 33வது பிரிவு, முழுக்க முழுக்கத் தொழிலுக்கான செலவை மட்டுமே கழிக்கலாம் என்கிறது. சொந்தச் செலவு கிடையாது. வீட்டுக்கும் தொழிலுக்கும் சேர்த்துப் பயன்படுவதில் தொழில் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். வரி அலுவலகக் கவுண்டரில் கேட்டால் இணையப் போர்ட்டலைப் பார் என்பார்கள், போர்ட்டலில் தேடினால் உங்கள் தொழிலுக்கு ஓர் உதாரணமும் இருக்காது.

அந்தத் தங்கச்சியின் போன் பில் மாதம் 98 வெள்ளி. ஒரு மாத அழைப்புகளைப் புரட்டி எண்ணினோம், பத்தில் ஆறு ஷோ விஷயம். 60 விழுக்காடு, வருடத்துக்கு 705 வெள்ளி 60 காசு. அந்த ஒரு மாதக் குறிப்பைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன், ஆதாரம் இல்லாமல் 60 என்றால் யார் நம்புவார்கள்? போன் வாங்கிய விலை வேறு விஷயம். அது கேபிட்டல் அலவன்ஸில், அதாவது தொழிலுக்கு வாங்கிய சாமானின் விலையைக் கழிக்கும் தனிக் கணக்கில் வரும், அதிலும் தொழில் பங்கு மட்டும்தான். அதே போனை 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை நிவாரணம் என்ற தனிநபர் வரிச் சலுகையிலும் போட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள், அந்தச் சலுகை தொழிலுக்கு அல்லாத போனுக்குத்தான்.

உடையில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். மேடைக்கென்றே தைத்த ஜிகினா பாவாடை கழியும். ஜாலான் டிஏஆரில் வாங்கிய அழகான புடவை, இன்னொரு கல்யாணத்துக்கும் கட்டிப் போவீர்கள் என்றால் கழியாது. மேக்கப்பும் அப்படியே. மேடைக்கு ஒரு பெட்டி, வீட்டுக்கு ஒரு பெட்டி என்று வைத்தால் பிரிக்கும் தலைவலியே இல்லை.

காருக்கு மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். வீட்டிலிருந்து தினமும் ஒரே கிளப்புக்குப் போய்வந்தால் அது சொந்தச் செலவு. ஒரு மண்டபத்திலிருந்து இன்னொன்றுக்கு ஓடிய பெட்ரோல், டோல் தொழில் செலவு.

பி பாரத்துக்குக் கடைசி நாள் ஜூன் 30, ஆன்லைனில் வழக்கமாக இன்னும் 15 நாள் தருவார்கள். ஆதாரங்கள் 7 வருடம் இருக்க வேண்டும். தங்கச்சி பிஸ்கட் டின் நிறைய ரசீது சேர்த்து வைத்திருந்தார். திறந்து பார்த்தால் பாதி வெள்ளைத்தாள், எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்தது. வாங்கிய அன்றே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.