பினாங்கு வடகரை: அமாவாசை பார்க்கத் தெரிந்தவர்களுக்குக் கடல் பார்க்கத் தெரியவில்லை

ஆண்டு இறுதி விடுமுறை வந்தால் போதும், தீவின் வடமேற்கு முனையான முக்கா ஹெட் பக்கத்திலிருந்து உதவி கேட்டு ஒரே மாதிரி அழைப்புகள் வருகின்றன. தூண்டில் போடப் பாறைக்குப் போனவர்கள் திரும்ப வழியில்லாமல் நிற்கிறார்கள். காற்றடைத்த துடுப்புப் பலகையில் பிள்ளையை உட்கார வைத்தவர் கரையைவிட்டு அரை கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டார். பைபர் படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டால் பதிலும் ஒரே மாதிரிதான்: "கிளம்பும்போது கடல் குளம் மாதிரி இருந்ததே!" இருந்திருக்கும். நீங்கள் நின்ற இடத்தில், நின்ற நேரத்தில்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைப் பேசிவிடுகிறேன். இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது: "வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரங்கானுக்குத்தான். பினாங்கு மேற்குக் கரை. நமக்கு ஒன்றும் ஆகாது." பாதி உண்மை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. தித்திவாங்சா மலைத்தொடர் காற்றின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. கிழக்குக் கரையில் எழும் அலை இங்கே எழுவதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் பினாங்கில் மழையும் குறைவு. வானம் நீலமாக இருக்கும், படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் மலைத்தொடர் வடக்கே முடிவில்லாமல் போகவில்லை. தாய்லாந்தின் தெற்கே, சொங்க்லா, ஹட் யாய் பக்கம் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. சைபீரியாவிலும் சீனாவிலும் குளிர்காலம் முற்றி அங்கிருந்து காற்று பாய்ந்து இறங்கும் நாட்களில், தென்சீனக் கடலைத் தாண்டி வருகிற காற்று அந்தத் தாழ்வு வழியாக இந்தப் பக்கம் புகுந்து பெர்லிஸ், கெடா, பினாங்குக் கடல்மேல் விரிகிறது. மழை இல்லை, மேகம் இல்லை, காற்று மட்டும். மழை இல்லாததால்தான் யாரும் அதைப் பருவக்காற்று என்று நினைப்பதில்லை.

அந்தக் காற்று தீவின் எந்தப் பக்கத்தில் என்ன செய்கிறது என்பது இன்னும் முக்கியம். பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் கரை வடக்கு நோக்கியது; வடகிழக்குக் காற்று கெடாக் கரையிலிருந்து திறந்த நீரில் ஓடிவந்து அங்கே சிறு சிறு செங்குத்து அலைகளை எழுப்பும். முக்கா ஹெட் முனையைச் சுற்றி மேற்கே திரும்பினால் பந்தாய் கெராச்சுட், தெலுக் கம்பி. அங்கே காட்டு மலை காற்றை மறைக்கிறது. கரையோரம் கண்ணாடிபோல் நீர். ஆனால் மலைக்கு மேலே போன காற்று சற்றுத் தள்ளிக் கடலில் இறங்குகிறது, அதுவும் கரையிலிருந்து வெளிநோக்கி. இதைவிட ஏமாற்றுகிற காற்று வேறில்லை: கரையோரம் அமைதி, நூறு மீட்டர் தள்ளினால் தள்ளல், முந்நூறு மீட்டர் தள்ளினால் திரும்ப முடியாத தள்ளல். காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. மிதவைப் பலகை, வாத்து மிதவை, பலூன் படகு எதுவானாலும் நீரில் அமிழ்ந்திருப்பது கொஞ்சம், காற்றுக்குக் கொடுக்கும் முகம் நிறைய. அங்கிருந்து மேற்கே அடுத்த நிலம் சுமத்ரா.

இந்த மாதங்களில் காற்று பெரும்பாலும் விடியலிலிருந்து முற்பகல்வரை வலுவாக இருக்கும். இரவில் நிலத்திலிருந்து வீசும் காற்றும் பருவக்காற்றும் ஒரே திசையில் சேர்ந்துகொள்வதுதான் காரணம். பிற்பகலில் கடற்காற்று எதிர்த்து வந்து கொஞ்சம் தணிக்கும். "காலையில் கடல் அமைதி, மதியத்துக்குப் பிறகுதான் மோசம்" என்ற பழைய கணக்கு டிசம்பரில் பல நாள் தலைகீழ்.

இனி ஓதம். கடல் ஏறுவது பாசாங், வற்றுவது சூருட் என்று எல்லோருக்கும் தெரியும்; சந்திரன் இழுப்பு பள்ளிக்கூடப் பாடம், விட்டுவிடுவோம். எனக்கு வியப்பாக இருப்பது வேறு. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பெரிதாக அச்சிட்டிருக்கிறது. விரதத்துக்குப் பார்க்கிறோம், கல்யாணத்துக்குப் பார்க்கிறோம், கறி சமைக்கலாமா என்று பார்க்கிறோம். கடலுக்குப் போகும்போது மட்டும் பார்ப்பதில்லை. பெரும்பெருக்கு வருவது அமாவாசை, பௌர்ணமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து. நம் விடுமுறைகளை அதோடு பொருத்திப் பாருங்கள்: தீபாவளி அமாவாசையை ஒட்டி. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி. தெலுக் பஹாங்கில் தெப்பம் விடும் மாசி மகமும் பௌர்ணமியை ஒட்டியே. நோன்புப் பெருநாள் பிறை தெரிந்த மறுநாள், அதாவது அமாவாசைக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து. சீனப் புத்தாண்டு அமாவாசை, சாப் கோ மே அதன் பதினைந்தாம் நாள், பௌர்ணமியை ஒட்டி. கடற்கரையில் கூட்டம் நிரம்பும் நாட்களெல்லாம் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும் நாட்கள். இது தற்செயல் இல்லை, எல்லாம் நிலவைப் பார்த்துக் குறித்த நாள்கள்.

பினாங்கில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே சுமார் 2 மீட்டர். கிள்ளான் துறைமுகத்தில் 4 மீட்டரைத் தொடும் என்பதால், கோலாலம்பூரிலிருந்து வருகிற சிலர் "இதெல்லாம் ஒரு பெருக்கா?" என்பார்கள். 2 மீட்டர் உங்கள் உயரத்தைவிட அதிகம். சேற்றுக் கரையில் 100 மீட்டருக்கு 1 மீட்டர்தான் சரிவு என்றால், அந்த 2 மீட்டர் ஏற்றம் கிடைமட்டமாக 200 மீட்டர் தரையை விழுங்கும்.

அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதில்தான் பாறைத் தூண்டில்காரர்கள் மாட்டுகிறார்கள். வற்றிலிருந்து ஏற்றம்வரை ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் நீர் சீராக ஏறுவதில்லை. மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு போட்டுக் கணக்கிடுவார்கள்: முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. இரண்டு மீட்டர் ஏற்றத்துக்கு முதல் மணியில் வெறும் 17 செ.மீ. மீன் கடிக்கிறது, நீர் மெதுவாகத்தானே ஏறுகிறது என்று உட்கார்ந்திருப்பீர்கள். இரண்டாவது மணியில் 33 செ.மீ. மூன்றும் நான்கும் சேர்ந்து 1 மீட்டர். முதல் மணியைப் பார்த்து நான்காம் மணியைக் கணிக்கிறவர்தான் கடைசியில் பாறைமேல் நின்று கையசைக்கிறார். அதோடு, நீங்கள் நிற்கும் பாறைதான் உயரம். அதற்கும் கரைக்கும் நடுவில் உள்ள பள்ளம் முதலில் நிரம்பும். முன்னால் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வழி மூடிவிடும். பினாங்குப் பாலத்துப் பக்கம் மிடில் பேங்க் திட்டில் சிப்பி பொறுக்கப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

"போன சனிக்கிழமை இதே நேரம் போனோமே, மணல் நன்றாகத் தெரிந்தது." ஐயா, அதனால்தான் இந்தச் சனிக்கிழமை தெரியவில்லை! ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிடம். எனவே ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். போன வாரம் 9 மணிக்கு வற்று என்றால் இந்த வாரம் 9 மணிக்கு ஏற்றத்தை ஒட்டி இருக்கும். வாரம் ஒருமுறை கடலுக்குப் போகிறவருக்குக் கடல் மாறி மாறித் தலைகீழாகத் தெரியும். பழக்கத்தை நம்பாதீர்கள், அட்டவணையைப் பாருங்கள்.

அட்டவணையிலும் கோளாறு செய்கிறார்கள். கைப்பேசிச் செயலி கிள்ளானைக் காட்டும், இவர்கள் தெலுக் பஹாங்கில் இருப்பார்கள். மலாக்கா நீரிணையில் ஓதம் அந்தமான் கடலிலிருந்து உள்ளே வந்து தென்கிழக்கே நகர்கிறது. பினாங்குக்கு முதலில், கிள்ளானுக்குச் சில மணி நேரம் கழித்து. பினாங்கு நிலையம் என்று தேர்ந்தெடுத்தீர்களா, மலேசிய நேரத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு எண்ணைப் படியுங்கள். அந்த எண்ணும் நீங்கள் நிற்கும் இடத்தின் ஆழம் அல்ல. கடல் வரைபடத்தின் அடிமட்டத்திலிருந்து நீர் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற கணக்கு. வரைபடத்தில் ஒரு திட்டு 1.2 மீட்டர் வறளும், அதாவது அந்த அடிமட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரம் என்று குறித்திருந்தால், அட்டவணை 0.9 காட்டும்போது அது 30 செ.மீ. வெளியே நிற்கும், 1.6 காட்டும்போது அதன்மேல் 40 செ.மீ. நீர்தான். எஞ்சினை இறக்கிய பைபர் படகுக்கு அரை மீட்டராவது வேண்டும். வற்றும் நேரத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம்வரை உட்கார வேண்டியதுதான், அதுவும் இருட்டில். டிசம்பரில் மாலை 7 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் மறைகிறது.

அட்டவணை காட்டாதவையும் உண்டு. ஆண்டு இறுதியில் வங்காள விரிகுடாவிலோ அந்தமான் கடலிலோ புயல் இருந்தால், இங்கே காற்றே இல்லாத நாளில்கூட நீண்ட அலைகள் வடகரைக்கும் மேற்குக் கரைக்கும் வந்து சேரும். ஐந்து நிமிடம் பாறை காய்ந்து கிடக்கும், ஆறாவது நிமிடம் மூன்று பெரிய அலை வரிசையாக வந்து அதன்மேல் புரளும். பாறையில் இறங்குமுன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். ஈரமாக, பாசி கறுத்திருக்கும் மட்டம்வரை நீர் வந்து போகிறது என்று பொருள். கனமழையும் ஏற்றமும் சேர்ந்துவிட்டால் ஆற்று வாய்களில் நீர் வடிய இடமில்லை. 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தைக் கண்ட தீவு இது. இன்னொன்று: அட்டவணைக்குச் சம்பந்தமில்லாமல் கடல் திடீரென்று உள்வாங்கினால் மீன் பொறுக்கப் போகாதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். 2004 டிசம்பர் 26 மதியம் சுனாமியின்போது பினாங்குக் கரைகளில் நடந்ததைப் பார்க்காத தலைமுறை இப்போது தூண்டில் பிடிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

வானிலைத் துறை எச்சரிக்கையைப் படிக்கும் விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலத்த காற்று, கொந்தளிப்பு எச்சரிக்கையில் "முதல் நிலை" என்றால் "லேசானது, போகலாம்" என்று அர்த்தம் செய்கிறார்கள். முதல் நிலையே மணிக்கு 40 முதல் 50 கி.மீ. காற்று, 3.5 மீட்டர்வரை அலை. உங்கள் படகின் நீளம் என்ன? பினாங்குக் கடல் என்று பெயர் போடவில்லை என்பதாலும் நிம்மதி அடையாதீர்கள். புக்கெட் கடற்பகுதிக்கு எச்சரிக்கை இருந்தால் அந்த அலைக்கு இங்கே வரத் தெரியும். இடிமழை எச்சரிக்கை வேறு வகை: ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. காலையில் பார்த்தது மதியத்துக்கு உதவாது, வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியைத் திரும்பத் திறந்து பாருங்கள்.

பாறைக்குப் போகிறவர்களே, அடிவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள், அடிவற்று கழிந்து ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். கைப்பேசியில் மணி வையுங்கள். மீன் கடித்தாலும் சரி. உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு தூண்டில் போட முடியாது என்பவர் தூண்டிலே போட வேண்டாம். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன் மிதப்புக்குக் குறையாத சட்டை. பிள்ளைகளுக்குக் கவட்டுப் பட்டை கட்டாயம், இல்லாவிட்டால் சட்டை மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். துடுப்புப் பலகைக்குக் கால் கயிறு. வாத்து மிதவையைக் கெராச்சுட் பக்கம் கொண்டு போகவே வேண்டாம், வீட்டு வாளிக்கு அது போதும்.

படகோட்டுகிறவர்கள் எரிபொருளை மூன்றாகப் பிரித்து ஒரு பங்கை இருப்பாக வையுங்கள். காற்றை எதிர்த்துத் திரும்பும் பயணம் போன பயணத்தின் அளவில் குடிக்காது. எஞ்சின் நிறுத்தும் சுருள் கயிறு மணிக்கட்டில் இருக்க வேண்டும், எஞ்சினில் தொங்கக் கூடாது. முனையைச் சுற்றும்போது நீரோட்டமும் காற்றும் எதிரெதிரானால் அலை குறுகிச் செங்குத்தாகும். வேகத்தைக் குறையுங்கள், சற்று வெளியே தள்ளிச் சுற்றுங்கள். தெலுக் பஹாங் படகுத்துறையில் படகுக்காரர் "இன்னிக்கு வேணாம்" என்றால் இன்னும் ஐம்பது ரிங்கிட் கொடுக்கிறேன் என்று இழுக்காதீர்கள். கெராச்சுட்டிலிருந்து காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரத்தில் நடந்தே வந்துவிடலாம், நான்கு மணிக்கு முன் கிளம்பினால்.

கருமாதிக்கும் அமாவாசைத் தர்ப்பணத்துக்கும் பெரியவர்களை அழைத்துவருகிறவர்களிடம் திட்டிப் பேச மனம் வராது, கெஞ்சித்தான் கேட்கிறேன்: நல்ல நேரம் பார்க்கும்போது ஓத நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டியின் சேலை நனைந்தால் இழுக்கும் எடை கொஞ்சமல்ல. முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க வேண்டாம். பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் கடலைப் பார்த்தபடி நிற்கட்டும்.

மாட்டிக்கொண்டால் 999. முனைக்கு மேற்கே மலை மறைத்தால் கைப்பேசிச் சைகையை நம்ப முடியாது, 5 வாட் கையடக்க வானொலியின் அவசர அலைவரிசை 16கூட மலையைத் துளைக்காது. எனவே கிளம்புமுன்பே எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவையுங்கள். அழைப்பு கிடைத்தால் "பினாங்கில் கடலில்" என்று சொல்லாதீர்கள். முக்கா ஹெட்டுக்கு எந்தப் பக்கம், கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை பேர், எத்தனை சட்டை, நீர் ஏறுகிறதா வற்றுகிறதா. சொல்லிவிட்டுப் பேட்டரியை மிச்சப்படுத்துங்கள். பலகையில் இருந்தால் பலகையை விட்டு நீந்தாதீர்கள். தலையைவிடப் பலகைதான் தூரத்திலிருந்து தெரியும்.