அளக்கும் ஒளியே சூடாக்கும்போது: தங்க நானோ துகள்களை அளப்போர் கவனத்துக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி, நீரில் மிதக்கும் தங்க நானோ துகள்களின் நகர்வை லேசரால் கண்டு, அதிலிருந்து விட்டத்தைக் கணக்கிட்டு, 31 நானோமீட்டர் என்று குறித்துக்கொண்டு வந்தார். அதே மாதிரியின் துகள்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 40 நானோமீட்டர் விட்டம் காட்டியிருந்தன. நீரில் நகரும் துகள் தன் மேற்பூச்சையும் ஒட்டிய நீர்ப்படலத்தையும் சேர்த்து இழுத்துச் செல்வதால், நகர்வைக் கொண்டு கணக்கிடும் விட்டம் உலோகத்தின் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாமே தவிர, ஒருபோதும் குறைவாக இருக்க முடியாது. துகள்கள் தரமற்றவை என்று முதலில் நினைத்தோம். பிழையோ எங்கள் லேசர் ஒளியில் இருந்தது.

மிகச் சிறிய உலோகத் துகள்களை அவை சிதறும் ஒளியைக் கொண்டு காண்பது கடினம். சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் சிதறல் 64-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். உறிஞ்சலோ மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் 8-இல் ஒரு பங்காகவே குறைகிறது. ஆகவே துகளைப் பச்சை நிற லேசரால் சூடாக்கி, அதைச் சுற்றியுள்ள திரவத்தின் ஒளிவிலகல் எண்ணில் ஏற்படும் மாற்றத்தை இன்னொரு லேசரால் அறியும் முறை உருவானது. பிரான்சின் போர்டோ நகரில் பிராஹிம் லூனிஸ், மிஷேல் ஒரி உள்ளிட்டோர் 2002-இல் இதன் வலிமையை வெளிப்படுத்தினார்கள். சூடாக்கும் ஒளியை நொடிக்குப் பல லட்சம் முறை ஏற்றி இறக்கி, அதே அதிர்வெண்ணில் வரும் குறிகையை (சிக்னலை) மட்டும், ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் தேர்ந்து பெருக்கும் லாக்-இன் பெருக்கியால் பிரித்தெடுப்பதால், செல்லின் உள்ளுறுப்புகள் போல ஒளியைச் சிதறினாலும் உறிஞ்சாத பொருள்களுக்கிடையேயும் தங்கத் துகள் தனித்துத் தெரிகிறது. சாயங்களைப்போல அது ஒளி மங்கிப் போவதுமில்லை. இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. அதனாலேயே அது விரிக்கும் கண்ணியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

நீரில் ஒரு கெல்வின் வெப்பநிலை உயர்வுக்கு ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. மாற்றம் இவ்வளவு சிறியதாக இருப்பதால், குறிகை தெளிவாக வர வேண்டும் என்று லேசரின் திறனைக் கூட்ட யாருக்கும் கை நீளும். 40 நானோமீட்டர் தங்கத் துகள் ஒன்றின்மீது ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு ஒரு மில்லிவாட் வீதம் பச்சை ஒளி விழுந்தால், அதன் மேற்பரப்பு சுற்றியுள்ள நீரைவிடச் சுமார் 15 முதல் 20 கெல்வின் வரை சூடேறும். இவ்வெப்பம் சில நானோநொடிகளுக்குள் துகளைச் சுற்றியுள்ள நீரில் பரவிவிடுகிறது. துகள் எங்கு நகர்ந்தாலும், ஒளிக்குவியத்துக்குள் இருக்கும்வரை, அந்தச் சூடான நீர்ப்போர்வையும் கூடவே போகிறது; கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒட்டிய வெப்பமானி இதைக் காட்டவே காட்டாது.

இப்போது, நகர்வின் வேகத்திலிருந்து துகளின் ஆரத்தைக் கணக்கிட உதவும் ஸ்டோக்ஸ்-ஐன்ஸ்டீன் சமன்பாட்டைப் பாருங்கள். துகளின் விரவல் குணகம் (அது எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பதன் அளவு) வெப்பநிலைக்கு நேர்விகிதத்திலும், திரவத்தின் பாகுநிலைக்கும் (ஓட்டத்தைத் தடுக்கும் பிசுபிசுப்புக்கும்) துகளின் ஆரத்துக்கும் எதிர்விகிதத்திலும் உள்ளது. நீரின் பாகுநிலை 20 பாகை செல்சியஸில் 1.00 மில்லிபாஸ்கல்-நொடியாக இருந்து, 50 பாகையில் 0.55 ஆகிவிடுகிறது. சூடான துகள் வேகமாக நகர்கிறது. நாம் அறை வெப்பநிலையின் பாகுநிலையைச் சமன்பாட்டில் இட்டுவிட்டு, வேகத்தின் காரணத்தைச் சிறிய ஆரத்தின்மீது ஏற்றிவிடுகிறோம். ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் 2010-இல் ‘சூடான பிரௌனியன் இயக்கம்’ (பிரௌனியன் இயக்கம் என்பது திரவத்தில் துகள்களின் ஒழுங்கற்ற அலைவு) என்று பெயரிட்டு விளக்கியது இதைத்தான். துகளின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறியதோ அதில் ஏறத்தாழ பன்னிரண்டில் ஐந்து பங்கை மட்டும் நீரின் வெப்பநிலையோடு கூட்டிக் கிடைக்கும் மதிப்பே அத்துகளின் இடப்பெயர்ச்சிக்கு உரிய வெப்பநிலை என்பது அவர்கள் காட்டியது. பாகுநிலைக்கும் அவ்வாறே சமன்பாட்டில் இட வேண்டிய தனியான ஒரு செயலுறு மதிப்பு உண்டு; மேற்பரப்பின் வெப்பநிலையை அப்படியே சமன்பாட்டில் இடுவதும் தவறே.

கிளிசரால் கலந்த திரவங்களில் இன்னும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அதன் ஒளிவிலகல் எண் வெப்பத்துக்கு நீரைவிட நன்றாக அசைவதால் குறிகை அழகாக வருகிறது. ஆனால் அதன் பாகுநிலை பத்துப் பாகை வெப்ப உயர்வுக்கே பாதியாகிவிடக்கூடியது. கண்ணாடிச் சுவரின் அருகே அளப்பது வேறொரு சிக்கல். சுவர் துகளை மெதுவாக்குகிறது, வெப்பம் அதை விரைவாக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, சரியானதுபோல் தோன்றும் தவறான எண்ணைத் தந்துவிடலாம். இப்படிக் கிடைக்கும் பொருத்தமே எனக்கு அதிக அச்சம் தருகிறது, ஏனெனில் அதை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

எனவே ஒரே திறனில் எடுத்த அளவீட்டை இறுதி முடிவாக வெளியிடாதீர்கள். குறைந்தது மூன்று திறன்களிலாவது அளந்து, கிடைத்த மதிப்புகளை வரைபடத்தில் இட்டு, அவற்றின் கோட்டைப் பூஜ்யத் திறன்வரை நீட்டிப் பாருங்கள். லேசரின் முகப்பில் எழுதியிருக்கும் திறனை அல்ல, நுண்ணோக்கியில் மாதிரியை ஒட்டியிருக்கும் பொருளருகு வில்லையைத் தாண்டி மாதிரியைச் சேரும் திறனை அளந்து, ஒளிப்புள்ளியின் பரப்போடு சேர்த்துக் குறிப்பிடுங்கள். அந்த மாணவி அப்படித்தான் மீண்டும் அளந்தார். இரண்டு மில்லிவாட்டில் 31 காட்டிய துகள்கள், ஒரு மில்லிவாட்டில் 36 காட்டின. அரை மில்லிவாட்டில் 38-க்கு மேல் வந்தன. கோட்டைப் பூஜ்யம்வரை நீட்டியபோது அது 41-இல் போய் நின்றது.