எதன் கால்வாசி? பின்னக் கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம்

ஒரு போத்தலில் 3/4 லீற்றர் பால் இருக்கிறது. அதில் 1/2 லீற்றரைக் குடித்தால் மிச்சம் எவ்வளவு? இன்னொரு போத்தலிலும் 3/4 லீற்றர் பால். அதில் 1/2 பங்கைக் குடித்தால் மிச்சம் எவ்வளவு?

முதலாவதன் விடை 1/4 லீற்றர். இரண்டாவதன் விடை 3/8 லீற்றர். எண்கள் அதேதான், பாலும் அதேதான். 'லீற்றர்' இருந்த இடத்தில் 'பங்கு' வந்ததும் செய்ய வேண்டிய கணக்கே மாறிவிட்டது. இரண்டுக்கும் 1/4 என்று எழுதிவிட்டு வரும் பிள்ளைக்குக் கழித்தல் தெரியாது என்று சொல்ல முடியாது. அது கழித்தது சரி, கழித்த இடம்தான் பிழை. 1/2 லீற்றர் என்பது ஓர் அளவு, தனியாக நிற்கும். 1/2 பங்கு தனியாக நிற்காது. எதன் 1/2 என்று தெரிந்தால்தான் அது எவ்வளவு என்று சொல்லலாம்.

தொடக்க வகுப்புகளில் பிள்ளை முழு எண்களோடு பழகி வளர்கிறது. அங்கே 4 எப்போதும் 3ஐ விடப் பெரியது. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். பின்னம் வந்ததும் இவ்வளவும் புரண்டுவிடுகிறது. 1/4 என்பது 1/3ஐ விடச் சிறியது. 6ஐ 1/2ஆல் வகுத்தால் 12 வருகிறது. பழைய விதிகளைப் புதிய எண்களுக்கும் போடும் இந்த வழக்கத்தைக் கற்றல் ஆய்வாளர்கள் 'முழு எண் சாய்வு' என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். பல நாட்டுப் பிள்ளைகளிடம் கண்டது இது. கணிதம் நன்றாகத் தெரிந்த பெரியவர்கள்கூட இப்படிப்பட்ட கேள்விகளில் ஒரு கணம் தாமதிக்கிறார்கள். ஆகவே பின்னத்தில் தடுமாறும் பிள்ளையை மொக்கு என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். இதுவரை சரியாக வேலை செய்த அறிவு ஒன்று அதன் எல்லையைத் தாண்டி நடக்கிறது, அவ்வளவுதான்.

கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் தரம் 5 பிள்ளைகளுக்கு நேரம் பெரிய எதிரி. அதனால் ரியூசனில் குறுக்குவழி ஒன்று வேகமாகப் பரவுகிறது: 'மொத்தம்' என்று கண்டால் கூட்டு, 'மிச்சம்' என்று கண்டால் கழி, 'கூட' என்று கண்டால் கூட்டு. இதை நான் முற்றாக எதிர்க்கிறேன். "கமலாவிடம் ராஜனைவிட 20 ரூபா கூட இருக்கிறது. கமலாவிடம் 80 ரூபா இருந்தால் ராஜனிடம் எவ்வளவு?" 'கூட' என்பதைப் பிடித்துக்கொண்ட பிள்ளை 100 என்று எழுதும். விடை 60. சொல்லைப் பிடிக்கப் பழகிய பிள்ளை கதையை விட்டுவிடுகிறது. பின்னக் கணக்கில் விடை இருப்பது கதைக்குள்தான்.

பலரும் சறுக்கும் கணக்கு ஒன்றை எடுப்போம். புறக்கோட்டைக்குப் போன அம்மா கையில் இருந்த காசில் 1/3 பங்குக்குக் கொப்பி, புத்தகம் வாங்கினார். மீதியின் 1/4 பங்கை ஓட்டோவுக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தபோது 900 ரூபா இருந்தது. கொண்டுபோனது எவ்வளவு?

அவசரத்தில் செய்யும் பிள்ளை 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டி 7/12 எடுக்கும். மிச்சம் 5/12, அது 900 என்றால் முழுவதும் 2160. விடை இப்படி அழகான முழு எண்ணாக வருவதால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. ஆனால் 2160ஐக் கதைக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள். புத்தகத்துக்கு 720 போனால் மீதி 1440. அதன் 1/4 என்றால் 360. மிஞ்சுவது 1080, 900 அல்ல. 1/3 மொத்தக் காசின் பங்கு, 1/4 மீதிக் காசின் பங்கு. முழுமை வேறு வேறாக இருக்கும்போது பின்னங்களைக் கூட்ட முடியாது.

இப்போது கணக்குக் கொப்பியில் நீளமாக ஒரு பட்டை கீறச் சொல்லுங்கள். அதுதான் கொண்டுபோன காசு முழுவதும். அதை மூன்று சமக் கூறாக்கி, ஒன்றைப் பென்சிலால் நிரப்பினால் புத்தகச் செலவு முடிந்தது. வெறுமையாக இரண்டு கூறு இருக்கும். இந்த இடத்தில் ஒரேயொரு கேள்வி போதும்.

"எதின்ர கால்வாசி, மகள்?"

"மிச்சக் காசின்ர, அம்மா."

அந்த இரண்டு கூறையும் சேர்த்து நாலாக்க வேண்டும். ஒவ்வொன்றையும் நடுவால் பிரித்தால் நாலு துண்டு. அதில் ஒன்று ஓட்டோவுக்கு, மற்ற மூன்றும் 900 ரூபா. ஆக ஒரு துண்டு 300. நிரப்பிய கூறையும் நடுவால் பிரித்தால் பட்டை முழுவதும் 6 துண்டு. 1800 ரூபா. சில பிள்ளைகள் இரண்டு கூறில் ஒன்றை மட்டும் நாலாகப் பிரிக்கும். அதுவும் நல்லதுதான், ஏனென்றால் பிழை இப்போது கொப்பியில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. விரல் வைத்துக் காட்டலாம். வெறும் எண்களில் அதே பிழை 2160க்குள் ஒளிந்துவிடும்.

படம் ஏன் இவ்வளவு உதவுகிறது? மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது மிகக் கொஞ்சம். பெரியவர்களுக்கே அது ஏறத்தாழ நாலு விடயங்கள்தான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001இல் வாதிட்டார். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. மேலே உள்ள கணக்கில் 1/3, மீதி, மீதியின் 1/4, 900, கடைசியில் கேள்வி என்று ஐந்தைச் சுமக்க வேண்டும். பட்டை அவற்றை மனதிலிருந்து எடுத்துக் கொப்பியில் வைக்கிறது. இந்தப் பட்டை முறையைத் தொடக்கப் பாடசாலைகளுக்காக ஒழுங்காக வளர்த்தெடுத்தது சிங்கப்பூர். 1980களில் கோ டெக் ஹொங் தலைமையிலான பாடத்திட்டக் குழு அதைச் செய்தது. கையால் செய்து பார்த்து, பிறகு படமாக்கி, அதன்பின் குறியீட்டுக்குப் போவது என்று 1960களில் உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்ன படிகளில் பட்டை நடுப்படியில் நிற்கிறது. எங்கள் வகுப்புகளில் அடிக்கடி தவறிப்போவதும் அந்த நடுப்படிதான்.

'ஒரு பங்கு எவ்வளவு?' என்று தேடும் யோசனை மிகப் பழையது. இலண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுருள் ஒன்றில் இப்படிக் கேள்வி: ஒரு தொகையோடு அதன் 1/4ஐக் கூட்டினால் 15, தொகை என்ன? முதலில் தொகையை 4 என்று வைத்துக்கொள்கிறார்கள். 4இன் 1/4 சேர்ந்தால் 5. 15இல் 5 மூன்று தரம் இருக்கிறது. ஆகவே 4ஐ மூன்று தரம் எடுத்தால் 12. பட்டை கீறினாலும் இதேதான்: நாலு துண்டோடு ஒரு துண்டு சேர்ந்து ஐந்து, ஒவ்வொன்றும் 3.

விகிதத்திலும் சிக்கல் முழுமை எது என்பதில்தான். வீடு கட்டும் இடத்தில் கொங்கிரீட்டுக்கு 1:2:4 என்று கலக்கிறார்கள்: 1 பங்கு சீமெந்து, 2 பங்கு மணல், 4 பங்கு சல்லிக்கல். போட்ட பொருட்களில் சீமெந்து எத்தனையில் ஒரு பங்கு? 1/4 என்று சொல்ல வாய் வரும். ஆனால் 4 என்பது சல்லிக்கல் மட்டும். போட்ட பங்குகள் மொத்தம் 7, சீமெந்து 1/7. வகுப்பில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் 3:5 என்றால் ஆண்பிள்ளைகள் 3/8, 3/5 அல்ல. விகிதம் பகுதியைப் பகுதியோடு ஒப்பிடுகிறது, பின்னம் பகுதியை முழுமையோடு ஒப்பிடுகிறது. இதைக் கலர்ப் பென்சில் இரண்டால் ஒருமுறை கீறிவிட்டால் போதும், நீட்டி விளக்க வேண்டியதில்லை.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது, விகிதம் மாறும் கணக்குகள். அங்கே பிள்ளை கேட்க வேண்டியது: எல்லாம் மாறும்போது எது மாறாமல் நிற்கிறது? அண்ணனிடமும் தங்கையிடமும் உள்ள முத்திரைகள் 5:3. அண்ணன் தங்கைக்கு 12 முத்திரை கொடுத்ததும் இருவரிடமும் சமம். ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. 8 பங்கு இருந்தது, இப்போது ஆளுக்கு 4. அண்ணன் கொடுத்தது 1 பங்கு, அது 12. முதலில் 60, 36.

வயதுக் கணக்கில் மொத்தம் மாறிக்கொண்டே போகும். அக்காவுக்கும் தம்பிக்கும் வயது 3:1, 4 வருடத்தில் 2:1. இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் வயது ஏறுகிறது, ஆகவே மாறாதது வித்தியாசம். முதல் விகிதத்தில் வித்தியாசம் 2 பங்கு, இரண்டாவதில் 1 பங்கு. இரண்டாவதை 4:2 என்று எழுதினால் அங்கும் வித்தியாசம் 2 ஆகிவிடும், பங்குகளும் ஒரே அளவாகிவிடும். 3 என்பது 4 ஆக ஏறியது ஒரு பங்கு, அதுதான் 4 வருடம். இப்போது அக்காவுக்கு 12, தம்பிக்கு 4. நாலு வருடத்தில் 16, 8. மேல் வகுப்பில் இதே கணக்கை x வைத்துச் செய்வார்கள். இங்கே ஒரு பங்காகப் பட்டையில் கீறியதைத்தான் அங்கே x என்று எழுதுகிறார்கள்.